போராட்டத்தில் முடங்கியவரின் வீட்டுக்கு எது சரி: நேரடி வேலையா, ஒதுக்கீடா, கூடுதல் மதிப்பெண்ணா, ஓய்வூதியமா?

தனி மாநிலம் கேட்டோ, ஆட்சியை எதிர்த்தோ நடந்த போராட்டத்தில் ஒருவர் குண்டடி பட்டுக் காலை இழக்கிறார். போராட்டம் ஜெயிக்கிறது, புதிய அரசு வருகிறது. அவருக்கு என்ன செய்வது என்று பேச உட்கார்ந்தால் அநேகமாக எல்லா இடத்திலும் முதலில் வரும் யோசனை, வீட்டில் ஒருவருக்கு அரசாங்க வேலை கொடுத்துவிடலாம் என்பதுதான்.

2000 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் பிறந்த உத்தராகண்டும் ஜார்க்கண்டும் அதைத்தான் செய்தன. ராணுவ ஆட்சியை எதிர்த்து 1980 மே மாதம் நடந்த குவாங்ஜு எழுச்சிக்குப் பிறகு தென்கொரியா வேறு ஒரு முறையில் செய்தது. வங்கதேசம் 1971 போராளிகளின் குடும்பங்களுக்குச் செய்த ஏற்பாடு 2024 இல் அரசையே கவிழ்த்தது. தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தமிழ்நாடும் இந்த வழியில் நடந்திருக்கிறது.

"வேலை கேட்பதா, மாதத் தொகை கேட்பதா, ஒதுக்கீடு கேட்பதா" என்று சங்கங்களும் குடும்பங்களும் குழம்புவதில் நியாயம் இருக்கிறது. எல்லாமே நல்லது போலத்தான் தெரிகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காயம்பட்டவர் பெயரிலேயே மாத ஓய்வூதியமும் ஆயுள் முழுக்கச் சிகிச்சையும்தான் முதல் கோரிக்கையாக இருக்கவேண்டும். வேலை அதற்கு மேலே வரவேண்டும், அதற்குப் பதிலாக அல்ல. வேலை என்றால் ஒரே தடவை தரும் நேரடி நியமனமே நல்லது. ஒதுக்கீட்டைக் கேட்பதாக இருந்தால் கடைசியாகக் கேளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, சலுகை யார் கைக்குப் போகிறது என்பது. இறந்தவர் குடும்பத்துக்கும் முடங்கியவர் குடும்பத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. முடங்கியவர் உயிரோடு இருக்கிறார். அவருக்கு மருந்து வேண்டும், ஆள் துணை வேண்டும், சொந்தமாகச் செலவு செய்யக் கையில் காசு வேண்டும். மகனுக்குப் போகும் சம்பளம் தானாக அப்பாவின் மருந்தாகிவிடும் என்று எந்தச் சட்டமும் உறுதி தருவதில்லை.

இரண்டாவது, எப்போது கிடைக்கும். முதுகெலும்பு அடிபட்டவருக்கு முதல் 2 வருடம் ஒரு கணக்கு, 20 வருடம் கழித்து வேறு கணக்கு. மூன்றாவது, எந்த வீடு விடுபடும். படித்த வாரிசு இல்லாத வீடு, பிள்ளையே இல்லாத வீடு, பிள்ளை இன்னும் கைக்குழந்தையாக இருக்கும் வீடு என்று ஒவ்வொன்றையும் வைத்துப் பார்க்கவேண்டும். நான்காவது, சான்று: யாருடைய காகிதத்தை வைத்து "இவர் போராட்டத்தில் காயம்பட்டவர்" என்று முடிவு செய்கிறார்கள்? கடைசியாக, போராட்டத்துக்குச் சம்பந்தமில்லாத, அதே வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளைஞருக்கு இதனால் எவ்வளவு இழப்பு, நீதிமன்றத்தில் இது நிற்குமா. இந்த இரண்டையும் நான் ஒன்றாகவே பார்க்கிறேன். வெளியே இருப்பவருக்கு இழப்பு பெரிதானால்தான் வழக்கு வருகிறது.

| வழி | யார் கைக்கு | எவ்வளவு சீக்கிரம் | விடுபடும் வீடு | வழக்கில் நிற்குமா |
|---|---|---|---|---|
| நேரடி நியமனம் | வாரிசு ஒருவர் | அரசு மனம் வைத்தால் மாதங்களில் | வயது வந்த வாரிசு இல்லாதது | எண்ணிக்கை சிறிதானால் நிற்க வாய்ப்பு அதிகம் |
| ஒதுக்கீடு | தேர்வில் ஜெயிக்கும் வாரிசு | பல வருடம் | பயிற்சிக்கு அனுப்ப வசதியில்லாதது | அடிக்கடி ஆட்டம் காணும் |
| கூடுதல் மதிப்பெண் | தேர்வு எழுதும் வாரிசு, அல்லது காயம்பட்டவரே | தேர்வு வரும்போது | படிப்பு இல்லாதது | உச்சவரம்பு இருந்தால் நிற்கும் |
| ஓய்வூதியம், சிகிச்சை | காயம்பட்டவர் | ஆணை வந்த மாதமே | காகிதம் இல்லாதது | அநேகமாகப் பிரச்சினை இல்லை |

## நேரடி நியமனம்

ஜார்க்கண்டில் 2021 இல் வந்த ஏற்பாடு தெளிவானது. தனி மாநிலப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலோ சிறையிலோ இறந்தவர், அல்லது 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமடைந்தவர், இவர்களுடைய குடும்பத்தில் ஒருவருக்கு மூன்றாம் அல்லது நான்காம் நிலைப் பணியில் நேரடி நியமனம். அந்த 40 சதவீதம் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வைத்திருக்கும் அதே கோடு.

இதன் பலம், தேர்வு இல்லை என்பதுதான். எட்டாம் வகுப்போடு நின்ற மனைவிக்கும் அலுவலக உதவியாளர் வேலை கிடைக்க வழி உண்டு. மாதச் சம்பளம், அகவிலைப்படி, வங்கியில் கடன், ஊரில் ஒரு மரியாதை எல்லாம் ஒரே ஆணையில் வந்துவிடுகின்றன. பல வருடம் "கலகக்காரன் வீடு" என்று ஒதுங்கி நின்ற உறவுக்காரர்கள் திரும்ப வந்து பேசுவதற்குக்கூட அந்த ஆணை போதும். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆனால் மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. முதலாவது, எந்த வேலை என்பது. தூத்துக்குடியில் 2018 மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள், பலர் படுகாயமடைந்தார்கள். அதைக் கட்சி அரசியல் இயக்கம் என்று சொல்ல முடியாது, ஊர் மக்களின் போராட்டம். ஆனாலும் கேள்வி இதேதான். அப்போதைய அரசு குடும்பங்களுக்கு வேலை கொடுத்தது. படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று அந்தக் குடும்பங்கள் தொடர்ந்து முறையிட்டதால், 2021 மே மாதம் புதிய அரசு 17 பேருக்குத் தகுதிக்கேற்ற பணிக்கான ஆணைகளை மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது. கையில் கிடைத்த காலியிடத்தில் ஆளைத் திணிப்பது அரசுக்குச் சுலபம். 3 வருடம் அந்த வேலையில் இருந்தவர்களுக்கு அது சுலபமாக இருக்கவில்லை. ஆகவே கோரிக்கை மனுவில் "அரசு வேலை" என்று மட்டும் எழுதாமல் "கல்வித் தகுதிக்கேற்ற அரசு வேலை" என்று எழுதுங்கள்.

இரண்டாவது, வாரிசு யார் என்ற சண்டை. மனைவியா, மூத்த மகனா, கல்யாணமாகிப் போன மகளா, கூடவே இருந்து பார்த்துக்கொண்ட தம்பியா? இருப்பது ஒரு வேலை, கேட்பது நான்கு பேர். தாசில்தார் அலுவலகத்தில் மற்றவர்களிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கும் இடத்தில் பல குடும்பங்கள் உடைகின்றன.

மூன்றாவது செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தண்டுவடம் அடிபட்டுக் கால் இரண்டும் செயலிழந்தவரைப் படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகின் கீழ்ப்பக்கமும் குதிகாலும் புண்ணாகும், அந்தப் புண் எலும்புவரை போகும். சிறுநீர்க் குழாய் மாற்றவேண்டும், காய்ச்சல் வந்தால் அது சிறுநீர்த் தொற்றா என்று உடனே பார்க்கவேண்டும். வீட்டில் இதையெல்லாம் செய்துகொண்டிருந்த அந்த ஒரு ஆளுக்கே வேலை கிடைத்து, 80 கிலோமீட்டர் தள்ளிப் பணியிடமும் போட்டுவிட்டால், வீட்டில் காசு வரும், பார்க்க ஆள் இருக்காது. நேரடி நியமனம் கேட்கும்போது சொந்த ஊருக்குப் பக்கத்தில் பணியிடம் என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கேட்காவிட்டால் கிடைப்பது பாதிதான்.

நான்காவது சட்டச் சிக்கல். உமேஷ் குமார் நாக்பால் வழக்கில் 1994 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் எல்லா வாரிசு வேலை வழக்கிலும் வருகிறது. கருணை அடிப்படையிலான வேலை என்பது குடும்பம் திடீரென்று விழுந்த நெருக்கடியிலிருந்து எழுந்திருக்கத் தருவது, அது பரம்பரை உரிமை கிடையாது, நியாயமான காலம் கடந்தபின் கேட்க முடியாது என்பதே அதன் சாரம். பணியில் இருக்கும்போது இறந்த ஊழியர்களைப் பற்றிய தீர்ப்பு அது. ஆனால் காயம் பட்டு 25 வருடம் கழித்துத் தரும் வேலையை எதிர்த்து யாராவது வழக்குப் போட்டால் முதலில் எடுத்துக் காட்டப்போவது அதையேதான். அதனால் இந்த வழி சூட்டோடு சூடாகச் செய்தால்தான் பலமாக இருக்கும்.

மத்திய அரசின் கருணை நியமன விதிகளில் ஒரு நல்ல அம்சம் உண்டு. வேலை வாங்குபவர் குடும்பத்தின் மற்றவர்களைப் பராமரிப்பேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும், பராமரிக்காவிட்டால் நியமனத்துக்கே ஆபத்து. போராட்டக் குடும்பங்களுக்கான ஆணைகளிலும் இது இருக்கவேண்டும், காயம்பட்டவரின் பெயரைக் குறிப்பிட்டே இருக்கவேண்டும்.

## ஒதுக்கீடு

உத்தராகண்டுக்காக 1994 செப்டம்பர் 1 அன்று கட்டிமாவில் துப்பாக்கிச் சூடு, மறுநாள் முசூரியில் துப்பாக்கிச் சூடு, அக்டோபர் 2 அன்று டெல்லிப் பேரணிக்குப் போனவர்கள் மீது முசாபர்நகர் அருகே ராம்பூர் திராஹாவில் துப்பாக்கிச் சூடும் பெண்கள் மீது பாலியல் வன்முறையும். மாநிலம் பிறந்த பிறகு, 2004 இல் போராட்டக்காரர்களுக்கு அரசுப் பணியில் 10 சதவீதக் கிடைமட்ட ஒதுக்கீடு என்று அரசாணை வந்தது. 2018 இல் நைனிடால் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதற்கிடையே 2015 இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநர் கையெழுத்தே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தது. 2024 பிப்ரவரியில் மறுபடி ஒரு மசோதா, ஆகஸ்டில் ஆளுநர் ஒப்புதல். ஏற்கெனவே வேலையில் சேர்ந்தவர்களின் கதி அந்தரத்தில் தொங்கியதால், 2004 முதலே செல்லும் என்று முன்தேதியிட்டுச் சட்டத்தை எழுத வேண்டியிருந்தது. 1994 இல் அப்பா அடிபட்டபோது பிறந்த குழந்தைக்கு, சட்டம் உறுதியான வருடத்தில் 30 வயது.

தாமதத்தை விடுங்கள். கணக்கைப் பாருங்கள். அந்த மாநிலத்தில் பட்டியல் சாதிக்கு 19, பழங்குடிக்கு 4, பிற்பட்டோருக்கு 14, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீதம், மிச்சம் 53 பொது. கிடைமட்டம் என்றால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 10 சதவீதம் எடுப்பது. 100 காலியிடம் வந்தால் பொதுப் பிரிவில் 5 இடம் வரும், பட்டியல் சாதியில் 1 அல்லது 2, பிற்பட்டோரில் 1, நலிந்தோரில் 1. பழங்குடிக்குள் 4 இடத்தில் 10 சதவீதம் என்றால் ஒரு இடத்தில் பாதிகூட இல்லை. ஜான்சாரி, போட்டியா போன்ற பழங்குடிக் குடும்பம் ஒன்றுக்கு இந்த ஒதுக்கீட்டில் ஒரு இடம் கண்ணில் படவே இன்னும் பெரிய அறிவிப்பு வரவேண்டும். வரும் அறிவிப்புகளில் பாதி 100 இடத்துக்குக் கிட்டவும் வராது.

அந்த 8, 9 இடத்துக்கு யார் போட்டி? அடையாளம் காணப்பட்ட போராட்டக்காரர்கள் பத்தாயிரத்தைத் தாண்டுவார்கள், அவர்களைச் சார்ந்தவர்களும் கூட. சில நாள் சிறையில் இருந்து நலமாகத் திரும்பியவரின் மகளும், 30 வருடம் படுக்கையில் கிடப்பவரின் மகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முதலாமவர் டேராடூனில் அறை எடுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போகலாம். இரண்டாமவர் அப்பாவைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இரவில் படிக்கவேண்டும். ஒதுக்கீடு என்பது ஒரு பிரிவுக்குள் இருப்பவர்களில் நன்றாகத் தேர்வு எழுதுபவரைத் தேடும் கருவி. அதிகம் இழந்தவரைத் தேட அதற்குத் தெரியாது. நான் இதைக் கடைசியில் வைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் வங்கதேசம். 1972 இல் விடுதலைப் போராளிகளுக்கு 30 சதவீதம் என்று தொடங்கியது. 1997 இல் பிள்ளைகளுக்கும், 2010 இல் பேரப்பிள்ளைகளுக்கும் நீண்டது. மற்ற ஒதுக்கீடுகளும் சேர்ந்து 56 சதவீதம். இடையில் போலிச் சான்றிதழ்கள் பெருகின. 2014 இல் அரசின் செயலாளர் மட்டத்து அதிகாரிகள் சிலருடைய போராளிச் சான்றிதழ்களே ரத்தாயின. 2018 இல் மாணவர் போராட்டத்தால் முக்கியப் பணிகளில் ஒதுக்கீடு நீக்கப்பட்டது. 2024 ஜூன் 5 அன்று உயர் நீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னதும் வீதி நிறைந்தது. ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு 93 சதவீதம் தகுதிக்கு, 5 சதவீதம் போராளிக் குடும்பத்துக்கு, 1 சிறுபான்மை இனக்குழுக்களுக்கு, 1 மாற்றுத்திறனாளிகளுக்கும் மூன்றாம் பாலினத்தவருக்கும் என்று குறைத்தது. அதற்குள் நூறு பேருக்கு மேல் செத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் நாட்டைவிட்டுப் போனார்.

1971 இல் உயிரைப் பணயம் வைத்தவர்கள்மீது அந்த இளைஞர்களுக்குக் கோபம் இல்லை. மூன்றாம் தலைமுறைவரை நீண்ட சலுகைமீதுதான் கோபம். ஒதுக்கீட்டுக்கு முடிவுத் தேதி எழுதாவிட்டால், காயம்பட்டவருக்கு ஊரில் இருந்த மரியாதையையே அது தின்றுவிடும்.

அப்படியானால் ஒதுக்கீடு எங்கேதான் பொருந்தும்? காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்து, எல்லாருக்கும் நேரடி வேலை கொடுக்கக் காலியிடமே இல்லாதபோது பொருந்தும். அப்போதும் ஒரு தலைமுறை, 10 வருடம் என்ற வரம்போடு, நிரந்தர ஊனம் உள்ளவர் குடும்பங்களுக்கு உள்ளே முதலிடம் கொடுத்துச் செய்தால் ஓரளவு நியாயம் கிடைக்கும்.

## கூடுதல் மதிப்பெண்

தென்கொரியாவில் குவாங்ஜு எழுச்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 1990 இல் இழப்பீட்டுச் சட்டமும், 2002 இல் அவர்களைக் கௌரவிக்கும் சட்டமும் வந்தன. இரண்டாவது சட்டத்தில் கல்வி உதவியோடு வேலைவாய்ப்பு உதவியும் உண்டு. இடம் ஒதுக்குவதில்லை, தேர்வில் மதிப்பெண் சேர்க்கிறார்கள். முன்பு போர் வீரர்கள் உள்ளிட்ட நாட்டுத் தொண்டர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் எல்லாருக்கும் 10 சதவீதம். ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண் என்றால் 10 கூடும். ஒரு மதிப்பெண்ணில் நூறு பேர் நிற்கும் தேர்வில் 10 மதிப்பெண் என்பது எவ்வளவு பெரிய ஏற்றம் என்று நம் ஊரில் குரூப் தேர்வு எழுதியவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இதை எதிர்த்து வந்த வழக்கில் 2001 இல் அரசமைப்பு நீதிமன்றம் சரி என்றது. 2006 இல் அதே நீதிமன்றம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. அந்த நாட்டு அரசமைப்புச் சட்டம் வேலையில் முன்னுரிமை தரச் சொல்வது நாட்டுக்காகத் தொண்டு செய்தவருக்கு, காயம்பட்ட வீரருக்கு, போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு. உயிரோடு இருப்பவரின் குடும்பம் அந்த வரியில் இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். நம் கேள்விக்கு இதைவிட நெருக்கமான தீர்ப்பை நான் பார்க்கவில்லை. உரிமை காயம்பட்டவருடையது, அவர் இருக்கும்போது குடும்பத்துக்கு அதே அளவு தரமுடியாது.

அதன்பின் திருத்தினார்கள். தொண்டு செய்தவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் 10, காயம்பட்டு உயிரோடு இருப்பவர் குடும்பத்துக்கு 5. எந்தப் பாடத்திலாவது 40 சதவீதத்துக்குக் கீழே போனால் கூடுதல் மதிப்பெண் இல்லை. இப்படி ஜெயிப்பவர்கள் மொத்த இடத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இந்த வேலிகள்தான் அந்த முறையைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

ஒதுக்கீட்டைவிட இது மேல் என்பேன். தகுதி குறைந்தபட்சம் இருந்தே தீரவேண்டும், வெளியே இருப்பவருக்கு இழப்பும் சிறியது. ஆனால் படிப்பு இல்லாத வீட்டுக்கு இது வெறும் காகிதம். சுரங்கத்திலும் காட்டிலும் வேலை செய்த ஜார்க்கண்டுக் குடும்பங்களுக்கு இதைக் கொடுத்திருந்தால் பாதிப் பேர் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள். படிப்பு பரவலாக இருக்கும் ஊரில், கல்லூரி மாணவர்கள் அதிகம் காயம்பட்ட போராட்டத்தில் இதைக் கேட்கலாம்.

## ஓய்வூதியமும் சிகிச்சையும்

2024 நவம்பர் 13 அன்று டாக்காவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஜூலை எழுச்சியில் அடிபட்டவர்கள் தங்கியிருந்த எலும்பு மருத்துவமனைக்கு இடைக்கால அரசின் சுகாதார ஆலோசகர் வந்தார். தங்களைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நோயாளிகள் அவர் வண்டியை மறித்தார்கள். ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் ரோட்டுக்கு வந்து, நள்ளிரவு தாண்டியும் அங்கேயே கிடந்தார்கள். அவர்கள் கேட்டதில் நல்ல சிகிச்சையும் மறுவாழ்வும்தான் முன்னால் நின்றன. பெல்லட் குண்டால் கண் போன நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள்.

பிறகு அந்த அரசு காயத்தின் கடுமையைப் பார்த்து ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து, மாதம் 20,000, 15,000, 10,000 டாக்கா (அந்த நாட்டு நாணயம்) என்று வைத்தது. வேலை முன்னுரிமை பற்றிய அறிவிப்புகளும் 2025 பிப்ரவரியில் வந்தன. ஒதுக்கீட்டை எதிர்த்துத் தொடங்கிய எழுச்சி அது, அதனால் அந்த அறிவிப்புக்கு அங்கே கசப்பும் எழுந்தது. மாதத் தொகைக்கு அந்த அளவு எதிர்ப்பு இல்லை. காயத்தை அளவாக வைத்துத் தருவதில் யாருக்கும் மனத்தாங்கல் வருவது குறைவு.

ஜார்க்கண்டில் அளவுகோல் வேறு. 3 மாதத்துக்குக் கீழே சிறையில் இருந்தவருக்கு 3,500 ரூபாய், 6 மாதம்வரை 5,000, அதற்கு மேல் 7,000. சிறை நாட்களை எண்ணும் இந்த முறை, ஒரு நாள்கூட உள்ளே போகாமல் வீதியிலேயே காலை இழந்தவரைச் சரியாகப் பிடிப்பதில்லை. உத்தராகண்டில் முழுக்கப் படுக்கையில் கிடப்பவர்களுக்குத் தனி ஓய்வூதியம் உண்டு. மாதம் 20,000 ஆக இருந்ததை, மாநிலத்தின் 25 ஆம் ஆண்டு விழாவை ஒட்டி 2025 நவம்பரில் 30,000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார். எனக்குத் தெரிந்தவரை இந்தியாவில் இந்த விஷயத்தில் உருப்படியான யோசனை இதுதான்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. அரசு ஊழியருக்கு வருடத்துக்கு இருமுறை அகவிலைப்படி ஏறும். இந்த ஓய்வூதியமோ ஏதாவது விழா வந்து ஒருவர் மேடையில் அறிவித்தால்தான் ஏறும். அவர் இறந்த மாதமே தொகை நிற்கலாம், 30 வருடம் பார்த்துக்கொண்ட மனைவி வெறுங்கையோடு நிற்பார். ஆகவே மனுவில் மூன்று வரி அவசியம். தொகை விலைவாசியோடு ஏறவேண்டும், இறப்புக்குப் பின் துணைவருக்குத் தொடரவேண்டும், பராமரிப்பவருக்குத் தனியாக ஒரு தொகை வேண்டும்.

## எந்த வீட்டுக்கு எது

காயம்பட்டவர் 22 வயதுப் பையன், ஒரு கண் போய்விட்டது, கல்யாணம் ஆகவில்லை. இங்கே "வாரிசு வேலை" என்பதே தவறான பேச்சு. வேலையை அவருக்கே கேளுங்கள். இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு 2016 சட்டத்திலேயே இருக்கிறது, அதோடு நேரடி நியமனத்தையும் அவர் பெயரில் கேட்கலாம். அண்ணனுக்கு வேலை கொடுத்துவிட்டு இவரை வீட்டில் உட்காரவைப்பது இரண்டாவது முறை முடக்குவதற்குச் சமம்.

காயம்பட்டவர் படுக்கையில், பிள்ளைகள் பள்ளியில். ஓய்வூதியம் இன்றைக்கே வேண்டும். வேலைக்கான உரிமையைப் பிள்ளைக்கு 21 வயது ஆகும்வரை எழுத்தில் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் அடுத்த ஆட்சியில் கோப்பே கிடைக்காது.

பிள்ளை இல்லாத முதியவர், அல்லது வாரிசு யார் என்பதில் ஏற்கெனவே தகராறு இருக்கும் வீடு: ஓய்வூதியம் மட்டும் போதும், வேலைப் பேச்சே வேண்டாம்.

மனைவி மட்டும்தான் சம்பாதிக்க முடியும், பெரிய படிப்பு இல்லை, வீட்டில் மாமியாரோ வேறு யாரோ துணைக்கு இருக்கிறார்கள் என்றால் நேரடி நியமனம்தான் சரி. உள்ளூர்ப் பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ பணியிடம் கேளுங்கள்.

அரசு "வேலையா, ஓய்வூதியமா, ஒன்றைச் சொல்" என்று கேட்டால்? காயம்பட்டவருக்குத் தினசரி ஆள் துணை தேவைப்பட்டால் ஓய்வூதியம். தானே நடமாடி, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடிந்தால், வீட்டில் தகுதியான ஆளும் இருந்தால் வேலை.

## காகிதம்

எந்த வழியானாலும் கடைசியில் தடுக்கி விழும் இடம் சான்றுதான். உத்தராகண்டில் அடையாளம் காண்பதற்குப் போலீஸ், உளவுப்பிரிவு, சிறை, மருத்துவமனை ஆவணங்களைத்தான் பார்த்தார்கள். அந்தப் போராட்டத்தைத் தாங்கி நின்றவர்கள் மலைக் கிராமத்துப் பெண்கள். தலையில் லத்தி அடி வாங்கி வீட்டுக்கு வந்து மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாள் புல் அறுக்கப் போனவர் எந்தப் பதிவேட்டில் இருப்பார்? சுட்ட துறையின் காகிதமே சுடப்பட்டதற்குச் சாட்சி என்று வைத்தால், பயந்து மருத்துவமனைக்குப் போகாதவர்கள் எல்லாரும் விடுபடுவார்கள். கிராம சபைத் தீர்மானம், அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தி, உள்ளூர் மருத்துவரின் சாட்சி இவற்றையும் ஏற்கவேண்டும் என்று முதல் மனுவிலேயே கேட்கவேண்டும். தவறாகச் சேர்ந்தவரை நீக்க ஒரு குழுவும், விடுபட்டவர் முறையிட ஒரு காலக்கெடுவும் அதே ஆணையில் இருந்தால் வங்கதேசத்துப் போலிச் சான்றிதழ்க் கதை நடக்காமல் தடுக்கலாம்.

இப்போது போராட்டத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். யாருக்காவது அடிபட்டால் அன்றைக்கே அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறவேண்டும். "கீழே விழுந்துவிட்டேன்" என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லிப் பதியுங்கள். அந்தப் பதிவேட்டின் நகல், காயச் சான்றிதழ், எக்ஸ்ரே, மருத்துவமனையை விட்டு வரும்போது தரும் சுருக்கக் குறிப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்கு வெளியே இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். காயம் ஆறி ஊனம் நிலைத்தபின் மருத்துவக் குழுவிடம் சதவீதச் சான்று வாங்கும்போது பழைய காகிதத்தின் தேதியும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.